பல்லை ராவும் முன் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாணக் காலம் வந்தால் காலி வீதியில் நகைக்கடைப் பலகைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது பல் விளம்பரமும் தொங்குகிறது. ‘ஒரே நாளில் புதுச் சிரிப்பு’ என்கிறார்கள். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் 31 வருடம் மெழுகில் பல் செதுக்கியவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இப்போது கையால் அல்ல, கொம்பியூட்டர் மெஷினால் பல் செதுக்குகிறார்கள். அந்த மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. என் காலத்தில் வைத்தியர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் அது காய்ந்து சுருங்கிவிடும். பிறகு பல்லின் மேல் மாட்டும் உறை பொருந்தவில்லை என்றால் ஏச்சு எனக்குத்தான். இப்போது ஸ்கானரை வாய்க்குள் ஓட்டினால் பல்லின் உருவம் திரைக்கு வந்துவிடுகிறது. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மேர்மான் என்ற பல் வைத்தியரும் மார்கோ பிரன்டெஸ்டினி என்ற பொறியியலாளரும் உருவாக்கிய கருவியால், 1985இலேயே நோயாளி கதிரையை விட்டு எழும்பும் முன் பல் குழிக்கு அளவாகப் பீங்கான் துண்டைச் செதுக்கி ஒட்டியிருக்கிறார்கள். சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கானில் செய்யும் உறையைப் பாருங்கள். சோக்கட்டி மாதிரி இருக்கும்போதே செதுக்கி, ஏறத்தாழ 1,500 பாகை சூளையில் வைக்கிறார்கள். அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் எடுத்து கொம்பியூட்டர் முதலிலேயே பெரிதாகச் செதுக்க வைக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு வந்திருந்தால் முதலாளியிடம் அவ்வளவு திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். மேற்பல் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓரிடத்துக்குப் போனாள். பின்னேரம் முன்பல் ஆறிலும் புதுப் பீங்கான் தகட்டோடு வந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பில் நூலிழை இடைவெளிகூட இல்லை. என் கை அப்படிச் செய்யாது. ஆனால் ஆறும் ஒரே வெள்ளை, ஒரே நீளம், குளியலறை டைல்ஸ் மாதிரி. சொந்தப் பல் முரசோரம் சற்று மஞ்சளாகவும் நுனியில் கண்ணாடி போலவும் இருக்கும். கோரைப்பல் மற்றவற்றைவிட ஒரு பொட்டு மங்கல். மெஷினுக்குள் இருப்பது பொதுவான பல் உருவம். அதை இந்த முகத்துக்கு ஏற்றபடி மாற்ற ஒரு ஆள் உட்கார வேண்டும், நிறம் தீட்டிச் சுட வேண்டும். அவசரத்தில் அங்கே யாரும் உட்காரவில்லை.

“திரையில் பார்த்தனியா பிள்ளை?” என்று கேட்டேன். “காட்டினவை மாமா. ராவி முடிஞ்ச பிறகு” என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான். ராவியது அரை மில்லிமீற்றர் இருக்கலாம். ஆனால் பல்லின் மேற்பூச்சு திரும்ப வளராது. இனி அந்தப் பற்களுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மூடி வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய நன்மையே ராவாமல் பார்க்கலாம் என்பதுதான். திரையில் வரைந்த பல்லை மாதிரியாக அச்சடித்து, அதை வைத்துத் தற்காலிகப் பிசினைத் தொடாத பல்லின் மேலேயே பூசிக் காட்டலாம். ‘வெள்ளவத்தை’ என்று சொல்லிப் பார்த்தாலே நீளம் தெரிந்துவிடும். ‘வ’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டுமே. பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வீட்டுக்கு வரலாம், பல் முழுசாக இருக்கும். ஒரே நாள் என்ற வேகத்தில் இந்தப் படிதான் முதலில் பறக்கிறது. இதைச் செய்து காட்டாத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள் என்று பெற்றோரைக் கேட்கிறேன். வைத்தியர்களிடம் இன்னொன்று: என்ன பொருள், எந்த நிற எண் என்று ஒரு துண்டிலாவது எழுதிக் கொடுங்கள். பல்லை வரைந்த கொம்பியூட்டர் கோப்பையும் வைத்திருங்கள். ஒன்று உடைந்தால் அதே அளவில் இன்னொன்று செதுக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

தை பிறந்ததும் வேறோரிடத்தில் மாற்றப் போகிறாள். இந்த முறை தற்காலிகப் பல்லோடு ஒரு கிழமை மீன்காரரிடம் பேரம் பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பல் ஆய்வுகூடத் தொழிலாளி,
கொழும்பு 13