யாருக்கு வெல கொறஞ்சுச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் மாச சில்லறை பணவீக்கம், அதாவது ஒரு வருஷத்துல கடை வெல எவ்வளவு ஏறுச்சுங்குற கணக்கு, வெறும் 0.25 சதவீதம், சாப்பாட்டு சாமான் வெல போன வருஷத்தவிட 5 சதவீதம் கம்மி, காய்கறி வெல எறங்குனதுதான் பெரிய காரணம்னு பேப்பர்ல பாத்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ரெண்டு ஏக்கர்ல தக்காளி போடுற என் மச்சான்கிட்ட சொன்னா, "அந்த அஞ்சு சதவீதம் என் சட்டப்பையில இருந்து போனதுதான் மாப்ள"ங்குறாரு.

2023 ஜூலைல தக்காளி கிலோ 150ஐ தாண்டிப் போய் ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு குடுத்தாங்களே, அப்ப அவரு தோட்டத்துல காயே இல்ல. காய் கொட்டுனப்ப 14 கிலோ பெட்டிய 50 ரூபாய்க்கு கேட்டாங்க, அதுல பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போக என்ன நிக்கும்னு நீங்களே பாருங்க, மறுநாள் பறிக்காம ஆட்ட உள்ள விட்டுட்டாரு. தக்காளி வெல எறங்குச்சுன்னு பேங்க்ல வச்ச நகைக்கடன் எறங்குமா? அதே ரூபாய்தான் கட்டணும், முன்னாடி பத்து பெட்டி வித்து கட்டுன வட்டிக்கு இப்ப முப்பது பெட்டி விக்கணும். டெபாசிட் போட்டு வச்சிருக்கவங்களுக்கு இதே நேரம் நல்ல நேரம், வட்டியும் வருது, வெலையும் ஏறல.

சரி, வெல ஏறுனா நமக்கு லாபமான்னா அதுவும் கெடையாது. 2025 ஜனவரில பவுன் 58 ஆயிரம் கிட்ட இருந்தப்ப, சீட்டு எடுத்தா பொண்ணுக்கு மூணு பவுன் வாங்கிரலாம்னு வீட்ல கணக்கு போட்டு வச்சிருந்தோம். அக்டோபர்ல 90 ஆயிரத்த தாண்டிருச்சு, அதே பணத்துக்கு அப்ப ரெண்டு பவுனே இழுபறி. லாக்கர்ல அம்பது பவுன் வச்சிருக்கவங்க ஒண்ணும் பண்ணாமலே பல லட்சம் சேத்துட்டாங்க. எண்ணெய் கூட அப்படித்தான் சார், அஞ்சு லிட்டர் கேனா வாங்குறவங்களுக்கு ஆபர் உண்டு, அன்னாடக் கூலிய வச்சு நூறு மில்லி வாங்குறவனுக்கு யாரு ஆபர் குடுக்குறா. வெல ஏறுனா முதல்ல அவன்தான் பலகாரத்த நிறுத்துவான், அப்புறம் பால நிறுத்துவான்.

ஒரே ஒரு சதவீதத்த போட்டு நாட்டுக்கே நல்ல சேதின்னு சொன்னா எப்படி? அடுத்த மாசம் பணவீக்கம் நியூஸ் போடும்போது, பக்கத்துலயே அன்னிக்கு மண்டில தக்காளி பெட்டி என்ன வெலக்கி போச்சுன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்