தன்னையும் காட்டாத இருள்

அன்பு மகளுக்கு,

மயிலாப்பூரிலிருந்து அப்பா எழுதுவது. தீமை என்பது தனியே ஒரு பொருளா, நன்மை இல்லாத இடத்துக்கு நாம் இட்ட பெயரா என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது, அதனால்தான் இக்கடிதம்.

நீ படித்துக்கொண்டிருக்கும் கிறித்தவ ஞானி அகஸ்டின், ஒளியும் இருளும் ஓயாமல் போரிடுவதாகச் சொன்ன மானியின் சமயத்தில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்துவிட்டு, பின்னர் அதை மறுத்து, தீமை நன்மையின் குறைவே என்ற முடிவுக்கு வந்தவர். கடவுள் படைத்த எதுவும் இயல்பில் கெட்டதன்று என்று நிலைநாட்ட அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் 16 வயதில், பசியில்லாமலே பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததையும், அந்தத் திருட்டையே தாம் விரும்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். வெறும் குறைவு ஒருவனை நள்ளிரவில் மரத்தடிக்கு இழுத்துச் செல்லுமா?

நம் சைவ சித்தாந்திகள் இந்த இடத்தில் பிடிவாதக்காரர்கள். ஆணவம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு, வெறும் இன்மையன்று, உள்பொருள், செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கமின்றி ஒட்டியிருப்பது, இறைவன் படைக்காதது, ஆகையால் பழி அவனைச் சேராது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் அதன் இயல்பைச் சொல்கிறார்:

ஒருபொருளும் காட்டா திருளுருவம் காட்டும்
இருபொருளும் காட்டா திது.

புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவமோ தன்னையும் காட்டாது. 'தொடக்கமின்றி' என்பதை என்னால் இன்றும் முழுமையாக ஏற்க முடியவில்லை. இந்தக் குறளை ஏற்காமல் இருக்கவும் முடியவில்லை.

யூதர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனித்த நாஜி அதிகாரி ஐக்மனை, 1961இல் எருசலேம் நீதிமன்றத்தில் பார்த்த சிந்தனையாளர் ஹன்னா அரென்ட், அவனிடம் அரக்கனைக் காணவில்லை. தேய்ந்த சொற்களையே திரும்பத் திரும்பப் பேசும், சிந்திக்கவே முற்படாத அலுவலர் ஒருவரைத்தான் கண்டார். அவனுடைய வெறுப்பை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று பின்னர் சிலர் எழுதியது நியாயமே. இருந்தாலும் அவரைப் படித்தபோது எனக்கு உமாபதியாரே நினைவுக்கு வந்தார்.

அந்தக் கொடுமையின் அருகில் வைத்துப் பேசக்கூடாத சிறு செய்தி ஒன்று. நான் எழுத்தராக இருந்த நாளில், ஒரு சான்றிதழ் குறைகிறதென்று ஒரு மூதாட்டியின் ஓய்வூதிய மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். விதிப்படி அது சரி. அன்று மாலை மனத்தில் ஒரு கீறலும் இல்லாமல் வீட்டுக்கு வந்து உன்னோடு விளையாடினேன். தவறு செய்தோம் என்று தோன்றவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

திருவருட்பயனை உரையோடு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் அதிகாரத்தை முதலில் படித்துவிட்டு, அகஸ்டின் பக்கம் நின்று எனக்கு மறுப்பு எழுது.

அன்புடன்,
அப்பா