கணினிச் செயலிகளில் நிறத்தையும் எழுத்தளவையும் நாமே மாற்ற வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி பக்கம் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நெல் கொள்முதல், அரவைக் கூலி, தவிடு, குருணை, லாரி வாடகை எல்லாம் கணினியில்தான் ஏறுகின்றன. காலையில் திரைக்கு முன் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பேன். வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்துவிட்டது, இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பளீரென்ற வெள்ளைத் திரை கூசுகிறது. வெளிறிய சாம்பல் நிற எழுத்து தெரிவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் கணினியே பிழைப்பாக இருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். ஆலை, நகைக்கடை, பாத்திரக்கடை, இ-சேவை மையம் என்று எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று வரும் கணினிச் செயலிகளின் தோற்றத்தை நம் கண்ணுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள முடிவதில்லை. ஒரு காலத்தில் தாராளமாக முடிந்தது.

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். டெஸ்க்டாப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அப்பியரன்ஸ், எக்ஸ்பியில் அதற்குள் அட்வான்ஸ்டு. பின்னணி, மெனு, தலைப்புப் பட்டை, தேர்ந்தெடுத்த வரி, ஸ்க்ரோல்பார் என்று அங்கே ஒரு பட்டியல் வரும். நிறம், எழுத்து வகை, அளவு என்று அதது எதைக் கேட்கிறதோ அதை நம் இஷ்டப்படி வைக்கலாம். ஸ்க்ரோல்பாரை விரல் அகலத்துக்குக்கூடப் பெரிதாக்கலாம். நான் பின்னணியை வெளிர்பச்சையாக வைத்திருந்தேன். ஒரே இடத்தில் மாற்றியது போதும். நோட்பேடும் பச்சை, எக்செல் கட்டங்களும் பச்சை, ஆலையில் வாங்கியிருந்த பழைய கணக்கு மென்பொருளும் பச்சை. அந்த மென்பொருளை எழுதியவர் எனக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. மெனுவையும் பெட்டிகளையும் வரையும் வேலையை விண்டோஸிடம் விட்டிருந்தார். விண்டோஸ் நான் கேட்ட நிறத்தில் வரைந்து தந்தது.

2012இல் வந்த விண்டோஸ் 8இல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மெனுவுக்கு ஓர் அளவு, தலைப்புக்கு ஓர் அளவு என்று எழுத்தை மட்டும் மாற்றும் வசதி கொஞ்ச காலம் மிச்சமிருந்தது. 2017இல் விண்டோஸ் 10க்கு வந்த ஓர் அப்டேட்டில் அதுவும் போயிற்று. மறு வருடம், எல்லா எழுத்தையும் மொத்தமாக 225 சதவீதம் வரை பெரிதாக்கும் வசதி வந்தது. நல்லதுதான், ஆனால் செயலிகள் அதை மதிக்க வேண்டுமே.

பெரும்பாலான புதிய செயலிகள் இப்போது விண்டோஸிடம் எதையும் வரையக் கேட்பதில்லை. எலக்ட்ரான் என்று ஒன்று இருக்கிறது. கிட்ஹப் நிறுவனம், நிரல் எழுத உதவும் ஆட்டம் (Atom) என்ற எடிட்டருக்காக 2013இல் தொடங்கிய வேலை அது. இணையப் பக்கங்களைக் காட்டும் குரோமியம் உலாவியை அப்படியே உள்ளே வைத்து, அதன் மேல் ஓர் இணையப் பக்கத்தை ஓட்டி, அதையே செயலி என்று கொடுக்க வழி செய்தார்கள். ஒரு தடவை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிறிய நிறுவனத்துக்கு அது எவ்வளவு செலவை மிச்சப்படுத்தும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பொத்தான், பட்டியல், ஸ்க்ரோல்பார் அத்தனையையும் செயலியே வரைந்துகொள்கிறது. நாம் மாற்றிக்கொள்ளச் செயலி எழுதியவர் வழி விட்டு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் ஆலைக்கு இரண்டு வருடத்துக்கு முன் புதுக் கணக்குச் செயலி வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை, கணக்கில் அது பிசகியதே இல்லை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து, அதுவும் மெல்லிய எழுத்து. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் தமிழ்ப் பெயர்களைப் போட்டால் மேலே கொம்பும் கீழே சுழியும் வெட்டுப்படுகின்றன. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டும். ஸ்க்ரோல்பார் ஒரு நூல் கனம், மவுஸை எடுத்தால் அதுவும் மறைந்துவிடும். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், செயலி கண்டுகொள்ளவில்லை. கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் பெரிதாகிறது, ஆனால் மொத்தப் பக்கமும் சேர்ந்து ஊதிவிடுகிறது. எங்களுடையது 1366க்கு 768 திரை. கடைசி நெடுவரிசை வெளியே போய்விடும். கடைசி நெடுவரிசையில்தான் பாக்கித் தொகை இருக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதினேன். ‘டார்க் மோட் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது. கருப்பில் வெள்ளை எழுத்து எனக்கு ஒளிவட்டம் கட்டிக்கொண்டு தெரிகிறது. வெள்ளை வேண்டுமா கருப்பு வேண்டுமா என்று மட்டும் கேட்பது எப்படித் தேர்வாகும்?

விண்டோஸ் 11இல் ‘கான்ட்ராஸ்ட் தீம்’ என்று ஒரு வசதி உண்டு. கான்ட்ராஸ்ட் என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு. பின்னணி, எழுத்து, பொத்தான் நிறங்களை நாமே வைக்கலாம். பழைய வசதியில் இன்று மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட இது ஒன்றுதான். போட்டுப் பார்த்தேன். பின்னணி பச்சையானது, எழுத்து கருப்பானது, கண்ணுக்கு அத்தனை இதம். ஆனால் எங்கள் செயலியில் ‘வந்தது’ என்பதற்குப் பச்சைக் கட்டம், ‘பாக்கி’ என்பதற்குச் சிவப்புக் கட்டம், உள்ளே எழுத்து கிடையாது. கான்ட்ராஸ்ட் தீம் அந்த இரண்டு நிறத்தையும் துடைத்துவிட்டு ஒரே நிறமாக்கிவிட்டது. யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்று தெரியாமல் எப்படிக் கணக்கு எழுதுவது? நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தி சொல்லக் கூடாது என்பது இந்தத் துறையில் பால பாடம் என்கிறார்கள்.

தம்பி மகன் காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, “பெரியப்பா, இது உள்ளே வெறும் வெப்சைட்தான்” என்றான். கன்ட்ரோல், ஷிப்ட், ஐ அழுத்தினான். பக்கவாட்டில் ஏதோ திறந்தது. நாலு வரி தட்டியதும் பின்னணி வெளிர்பச்சை, எழுத்து கருப்பு, வரிக்கு வரி நல்ல இடைவெளி. அன்று முழுக்கக் கண் வலிக்காமல் வேலை செய்தேன். மூடித் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. அடுத்த அப்டேட்டில் அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள். நாலு வரியில் ஆகிற வேலையை நிறுவனமே செட்டிங்ஸில் ஒரு பக்கமாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எலக்ட்ரானால் இது முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோடும் எலக்ட்ரானில் ஓடுவதுதான். அதில் பட்டைகள், பட்டியல்கள், பொத்தான்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம் வைக்கலாம். விண்டோஸில் கான்ட்ராஸ்ட் தீம் போட்டிருந்தால் தானாகவே தெரிந்துகொண்டு மாறிவிடும்.

செயலி செய்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லினக்ஸில் க்னோம் என்ற திரைச் சூழலுக்குச் செயலிகளை எழுதும் சிலர் 2019இல் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். லினக்ஸை வினியோகிப்பவர்கள் எங்கள் செயலிகளின் மேல் தங்கள் நிறத்தைப் பூசி அனுப்புகிறார்கள், ஐகான் மறைகிறது, எழுத்து தெரியவில்லை, புகார் எங்களுக்கு வருகிறது என்பது அவர்கள் குறை. உண்மையான குறைதான். ஆனால் தன் சொந்தக் கணினியில் ஒருவர் மாற்றிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை என்றும் அதே மடலில் சொன்னார்கள். பிறகு 2021 கடைசியில் க்னோம் செயலிகளுக்குப் பொத்தான், பட்டியல் எல்லாம் வரைந்து தரும் லிப்அத்வைதா என்ற நிரல் தொகுப்பு வந்தது. அதை வைத்துச் செய்த செயலிகளுக்கு ஒரே தோற்றம்தான். 2024இல் பொத்தான், தேர்வு போன்றவற்றுக்கு மட்டும் ஒன்பது நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. அதே லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு திரைச் சூழல் இன்றும் ஒவ்வொரு நிறத்தையும் நம்மிடம் விடுகிறது. ஆக இது முடியாத காரியம் அல்ல.

இங்கே ஆத்தங்குடியில் தரை ஓடு செய்கிறார்கள். பூவும் கொடியும் அச்சில் இருப்பவை, அது பட்டறைக்காரர் சொத்து. எந்த இடத்தில் எந்த நிறச் சாந்து ஊற்றுவது என்பதை வீடு கட்டுகிறவர் சொல்லலாம். அதனால் ஓட்டின் அழகு கெட்டதாக யாரும் சொன்னதில்லை. செயலியின் அமைப்பு, பொத்தான் இருக்கும் இடம், வேலை நடக்கும் முறை எல்லாம் நிறுவனம் வைத்தபடியே இருக்கட்டும். பின்னணி, எழுத்து, தேர்ந்தெடுத்த வரி, இவற்றின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் திரை முன் உட்காரும் எங்களிடம் விடுங்கள்.

இது சலுகையாகக் கேட்பது அல்ல. ஐரோப்பாவில் இ.என். 301 549 என்ற தரம், கணினியில் பயனர் வைத்த நிறம், கான்ட்ராஸ்ட், எழுத்து வகை, எழுத்தளவு ஆகியவற்றைச் செயலி பின்பற்ற வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய கணினிப் பொருள்களுக்கென்று ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. அரசு அலுவலகங்கள் மென்பொருள் வாங்கும்போது விலைப்புள்ளியோடு இதையும் கேட்டால் நிறுவனங்கள் தானாக வழிக்கு வரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் வேண்டும் என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு ஒன்று உண்டு. எங்கள் செயலியின் சாம்பல் எழுத்தைத் தம்பி மகன் அளந்து பார்த்தான், அந்த அளவுக்கு வரவில்லை.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய செயலிகளைப் பற்றி வாராவாரம் எழுதுகிறீர்கள். விலை, வேகம், வசதி எல்லாம் வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் செயலி கேட்கிறதா, நிறத்தை மாற்றலாமா, தமிழ் எழுத்து வெட்டுப்படாமல் தெரிகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் செயலிக்கு வரும் ஏப்ரலில் சந்தா புதுப்பிக்க வேண்டும். முதலாளியிடம் பேசிவிட்டேன். இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் பணம் கட்டுவது என்று சொல்லியிருக்கிறார். இதே செயலியை வைத்திருக்கும் பக்கத்து ஆலைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அரிசி ஆலைக் கணக்கர்,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்.