வசந்தாவுக்கு, மணலி புதுநகரிலிருந்து

மணலி புதுநகர்
9.11.2025

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் தீபாவளி முடிந்த மறுவாரம் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்த செய்தி, உன் முழங்கால் வலி, வடவள்ளியில் உங்கள் பக்கத்துத் தெரு வரைக்கும் யானை வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போன கதை, எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். யானை நின்ற இடத்தில் விடிந்த பிறகும் வாசனை போகவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் "இன்னொரு தடவை படி" என்றார்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார். "உங்க பக்கம் என்னடி இருக்கு, புகையும் சாம்பலும்தானே, காக்காயாவது மிச்சம் இருக்கா?" என்று. கோபம் வரவில்லை. ஆனால் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரே வரிசை வீட்டில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள் நீ. காலையில் வாசல் தெளிக்க வந்தால் வௌவால் கடித்துப் போட்ட வாதாங்கொட்டை கிடக்குமே, யார் அதிகம் பொறுக்குவது என்று நாம் சண்டை போட்டதெல்லாம் மறந்துபோனதா? நீயே இப்படி நினைத்தால் மற்றவர்களை என்ன சொல்வது! அதனால் இந்தத் தடவை சொந்தக்காரர்கள் சங்கதி எதுவும் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன், கேள்.

முதலில் மாடியில் குடியிருப்பவர். எங்கள் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் தாங்காமல் அதற்குக் கீழே தெர்மாகோல் சீலிங் அடித்திருக்கிறோம் இல்லையா? மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டுக்கும் நடுவில் ராத்திரி பத்தரை மணிக்கு யாரோ நடக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. எலி ஓட்டம் மாதிரி இல்லை. நிதானமாக, எடுத்து வைத்து நடக்கிற காலடி. அப்போது கீழே வாடகைக்கு இருந்த பெண் பயந்துபோய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். ஒரு நாள் காலை துணி உலர்த்தப் போனபோது கைப்பிடிச் சுவரின் மேல் கழிவு கிடந்தது. முழுக்க விதை, வசந்தா! ஈச்சங்கொட்டை, சப்போட்டா விதை, பப்பாளி விதை, எல்லாம் கழுவி எடுத்து வைத்ததுபோல் பளபளவென்று. பேய் சப்போட்டா தின்னாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். பதினோரு மணி இருக்கும், பப்பாளி மரம் அசைந்தது. மரநாய். பழத்தைப் பறிக்கவில்லை, மரத்திலேயே விட்டு, முன்னங்கால் இரண்டாலும் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு ஒரு பக்கமாகக் குடைந்து தின்றது. முகத்தில் முகமூடி போட்டதுபோல் கறுப்பு, கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைத் திட்டு, சாம்பல் உடம்பில் மங்கலான கோடுகள், உடம்பு நீளத்துக்கு வால். வெளிச்சம் பட்டதும் கண் தணலாக மின்னியது. என்னைப் பார்த்தது, மறுபடி தின்றது. முடித்த பிறகு கேபிள் டிவி ஒயர் மேலேயே நடந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போய்விட்டது. நாய் என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர அதற்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லை. புனுகுப்பூனை வகையறா. பழமும் எலியும்தான் அதற்குச் சாப்பாடு. ஈச்சையும் பனையும் நட்டு வைக்காத இடத்திலெல்லாம் முளைக்கிறதே, அதில் இதன் உழைப்பும் உண்டு.

சரி, கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையை அடைத்துவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். கொத்தனார் கலவை குழைத்துவிட்டு ஏணியில் ஏறிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கீச்சு கீச்சென்று சத்தம். குட்டி! அன்றைக்கு அடைத்திருந்தால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. நினைத்தாலே இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டோம். குட்டிகள் தாயோடு நடமாட ஆரம்பித்த பிறகு, எல்லாம் வெளியே போன ஒரு ராத்திரியில் கம்பி வலை அடித்துக்கொள்ளலாம் என்று திட்டம். இன்றுவரை அடிக்கவில்லை.

இவ்வளவு பொறுமை எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்பாய். ஒரு தப்பு செய்துவிட்டுத்தான் வந்தது. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நாங்கள் இங்கே வந்த இரண்டாவது வருஷம், 1998. துளசி மாடத்துக்குப் பின்னால் பாம்பு. கழுத்தை உப்பிக்கொண்டு சீறியது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான்கு பையன்கள் கட்டையோடு வந்தார்கள். அது வேலி ஓரமாகத் தப்பித்துப் போகப் பார்த்தது. நான்தான் "அதோ, அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இருளர் அண்ணன் அப்போது எதிர்மனையில் வேலைக்கு வந்திருந்தார். அவர் வந்து குனிந்து அதன் தலையைத் திருப்பிக் காட்டினார். "சாரைம்மா இது. உதட்டைப் பாரு, கறுப்புக் கோடு கோடா இருக்கா? நல்ல பாம்புன்னா இப்படி இருக்காது. இது கழுத்தை உப்பும், படம் எடுக்காது. விஷமே இல்ல. உன் வீட்டு எலியைத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கும்." அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. ஆறடி இருக்கும். மஞ்சள் வயிறு வெயிலில் பளபளத்தது.

அடுத்த வருஷம் பெருச்சாளி வந்தது. கழிவறைக் குழாய்க்கு அடியில் வளை தோண்டித் தோண்டித் தரையே உள்வாங்கிவிட்டது. அந்த ஒரு சாரை இருந்திருந்தால் எல்லாப் பெருச்சாளியையும் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வளைக்குள் புகுந்து குட்டிகளைத் தின்னக்கூடியது அதுதான். அதை நானே கைகாட்டிக் கொல்ல வைத்தேன். அதற்கப்புறம் இந்தத் தெருவில் பாம்பு என்று யார் கத்தினாலும் முதல் ஆளாக நான் ஓடுகிறேன், "அடிக்காதீங்க, என்னன்னு முதல்ல பாருங்க" என்று. போன வருஷம் காலி மனையில் இரண்டு பாம்பு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நின்றன. நல்ல பாம்பும் சாரையும் பிணைகிறது என்று புது வேட்டி வாங்கிவந்து போட்டார்கள், சூடமும் ஏற்றினார்கள். இரண்டுமே ஆண் சாரை, மல்லுக்கட்டுகின்றன, எது பலசாலி என்று பார்க்கிற சண்டை அது. கேட்கிறவர்களிடம் சொன்னேன், மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கும்பிட்டால் பரவாயில்லை, கட்டையை எடுக்கவில்லையே.

2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிப் போனில் கொஞ்சம்தான் சொன்னேன். பூண்டி ஏரி நிரம்பி உபரித் தண்ணீரைக் கொசஸ்தலையாற்றில் திறந்தார்கள், எங்கள் தெருவில் இடுப்பளவு. நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். எங்களோடு சேர்ந்து மற்றவர்களும் ஏறினார்கள். காலையில் கதவைத் திறந்தால் மூன்றாவது படியில் இரண்டு தேரை, அதற்கு மேல் படியில் சுருண்ட தண்ணீர்ப் பாம்பு, ஓரத்தில் பூரான், மேல் படியில் எதிர்வீட்டுப் பூனை. ஒன்றும் ஒன்றைத் தொடவில்லை. எல்லாருக்கும் ஒரே குளிர். படிக்கட்டு ஜன்னல் கிரில்லில் ஒரு நல்ல பாம்பு சுற்றிக்கொண்டு கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம், அந்தத் தண்ணீரில் அவர்களால் எப்படி உடனே வர முடியும்? கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஒரு முழு நாள் அது அங்கேயே இருந்தது. மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் போய்விட்டது. அந்த ஒரு நாளில் அது ஒரு தடவைகூடப் படம் எடுக்கவில்லை.

அதற்காக அசட்டையாக இருக்கச் சொல்லவில்லை. உன் பேரன் தவழ்கிற வயசு, வடவள்ளியிலும் மழைக்காலம், அதனால் சொல்கிறேன். கட்டு விரியன் ராத்திரியில்தான் நடமாடும். கடித்தால் வலியே தெரியாது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. விடியற்காலை வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதே. கட்டிலில் படுங்கள், இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். செருப்பை, ஷூவைத் தட்டிவிட்டுப் போடு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரி. எங்களுக்கென்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வைத்தியம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் நம் இருளர்கள்தான், தெரியுமா? வடநெம்மேலியில் 1978இலிருந்து அவர்கள் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புகளை மண்பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்த பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். 2023இல் இருளர்கள் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எனக்கு அந்த மீஞ்சூர் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் பாம்புக்கடியை அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக நம் மாநிலத்தில் அறிவித்துவிட்டார்கள். நல்ல காரியம்.

கீரி இருக்கிறது, தினமும் காலை ஏழு மணிக்கு மதில் ஓரமாகப் போகும். நரி முகத்தில் முழித்தாயா என்று உன் அம்மா கேட்பார்களே, எனக்குத் தினமும் கீரி முகம்.

புகையும் சாம்பலும் என்று எழுதினாயே, அது பொய் என்றும் நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கக் கறுத்துப்போனது. தண்ணீர் வடிந்ததும் அவரோடு வண்டியில் எண்ணூர்ப் பக்கம் போனேன். அலையாத்திச் செடிகளின் அடிப்பாகமெல்லாம் தார் பூசியதுபோல். ஒரு கூழைக்கடா கரையோரம் நின்றிருந்தது. மார்பிலும் இறக்கையிலும் கறுப்பு அப்பியிருந்தது. அலகால் கோதுகிறது, எண்ணெய் அலகில் ஒட்டுகிறது, மறுபடி கோதுகிறது. இறக்கையை விரித்துப் பார்த்து மடக்கிக்கொண்டது. வனத்துறை ஆட்கள் இப்படிப்பட்ட பறவைகளைப் பிடித்துக் கழுவ அலைந்துகொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவுகிறோம், கையில் எண்ணெய் ஒட்டினால் சீயக்காய் போட்டுத் தேய்க்கிறோம். அது என்ன செய்யும்? வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் பட்ட பாடு தனிக்கதை, நேரில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் லைட் கம்பத்துக்குக் கம்பம் நூல் கட்டி, வஜ்ஜிரப் பசையும் கண்ணாடித் தூளும் காய்ச்சிப் பட்டம் விட மாஞ்சா போடுவாரே, நாம் கண்ணாடி இடித்துக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆடியில் எங்கள் தென்னையில் ஒரு கூகை மாஞ்சா நூலில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. வெள்ளை முகம், வெட்டிய ஆப்பிள் பழம் மாதிரி. தேங்காய் பறிக்கிற பையன் ஏறி இறக்கினான். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் நகவெட்டியால் நூலை ஒவ்வொன்றாக வெட்டினேன். பஞ்சைவிட லேசாக இருந்தது. இதயம் அடிப்பது மட்டும் என் கைக்குத் தெரிந்தது. நூல் இறக்கை எலும்புவரை இறங்கியிருந்தது. வனத்துறைக்குச் சொல்லி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்துக் கொடுத்து அனுப்பினோம். பிழைத்ததா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தடை போட்டும் இன்னும் யாரோ ரகசியமாக விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். உன் அண்ணனைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அவரிடம் இதைப் படித்துக் காட்டு. அவர் சொன்னால் பழைய ஆட்கள் கேட்பார்கள்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், மாற்றிவிடாதே. பேரனையும் கூட்டிக்கொண்டு வா. பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போகலாம், அந்தச் சமயத்தில் பூநாரை நிற்கும். மாடி அறையில் உனக்குக் கட்டில் போட்டு வைக்கிறேன். முழங்காலுக்குப் படி ஏறக் கஷ்டம் என்றால் கீழேயே படுக்கலாம், ஆனால் மேலே இருந்தால்தான் அந்த நடையைக் கேட்க முடியும்.

மணி பத்தரை. ஆரம்பித்துவிட்டது பார், தலைக்கு மேலேதான் போகிறது. மரத்தில் ஒரு பப்பாளி மஞ்சள் கட்டியிருந்தது, நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டிருந்தேன்.

அன்புடன்,
சாந்தி