வலுவைக் கூட்டுமுன் கேபிளைப் பாருங்கள்

இலங்கை அரச தொலைக்காட்சியின் பொறியியற் பிரிவினருக்கும், கிழக்குக் கரை ரிலே (மறு ஒளிபரப்பு) நிலையங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம். வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை அன்ரெனா கட்டுகிறவர்களும் தொலைக்காட்சி திருத்துகிறவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. படம் தெளிவில்லை என்று முறையிட்டால் கூடிய வலுவுள்ள டிரான்ஸ்மிற்றர் வரும் என்ற பேச்சு எழுகிறது. தயவுசெய்து அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். 500 வாட்டை 1,000 வாட்டாக்கினால் வீட்டு அன்ரெனாவில் கூடப்போவது வெறும் 3 டெசிபெல் (சிக்னலின் வலுவை ஒப்பிடும் அலகு). டவரில் ஏறும் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்த 3 டெசிபெல் மேலே போய்ச் சேருமுன்பே தீர்ந்துவிடும்.

தேசியத் தொலைக்காட்சி 1982இல் தொடங்கியபோது பிதுருதலாகல மலைதான் தாய்நிலையம். அதன் உயரம் 2,524 மீற்றர். மட்டக்களப்பு நகருக்கு நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீற்றர். அந்த உயரத்திலிருந்து அலை 200 கிலோமீற்றர் வரை எட்டலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் நடுவில் மலைத்தொடர்கள் நிற்கின்றன, அவற்றைத் தாண்டி வரும் அலை மெலிந்துவிடும். அதனால்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெளியான வயலோரத்து வீட்டில் கிடைக்கும் படம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டில் கிடைப்பதில்லை. ரிலே தேவைப்படுவதும் அதற்காகவே. ரிலே நிலையமோ தனக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே அனுப்பும். உள்ளே வருவது பழுதென்றால் அந்தப் பழுதைத்தான் பெருக்கி அனுப்பும்.

ஆகவே முதலில் உள்ளீடு, அதாவது செயற்கைக்கோளிலிருந்து டிஷ் வழியாக நிலையத்துக்கு வரும் சிக்னல். ஒரே டிஷ், ஒரே எல்.என்.பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவி), ஒரே ரிசீவர் என்று இருந்தால் அதில் ஒன்று படுத்தாலும் நிலையம் முழுவதும் படுத்துவிடும். இரண்டாவது ரிசீவரைத் தனி எல்.என்.பியோடு வையுங்கள். முதலாவதில் படம் நின்றால் தானாக மாறும் சுவிட்ச் வேண்டும், ஆள் போய் மாற்றும் சுவிட்ச் அல்ல. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நாட்களில் தினமும் சில நிமிடம் சிக்னல் அறுந்துபோகும். இது எவருடைய பிழையும் அல்ல, நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். திரையின் அடியில் தமிழில் ஒரு வரி ஓடவிட்டால் எத்தனையோ பேர் கூரையில் ஏறி அன்ரெனாவைத் திருப்பாமல் இருப்பார்கள்.

அடுத்தது கேபிளும் அன்ரெனாவும். எங்கள் மடலில் இதுதான் முக்கியம். டிரான்ஸ்மிற்றரிலிருந்து அன்ரெனாவுக்குப் போகும் வலுவையும் அங்கிருந்து திரும்பி வரும் வலுவையும் தினமும் ஒரே நேரத்தில் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் (எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண்) 1.5 என்றால் திரும்புவது நூற்றுக்கு 4. அது 2 ஆனால் நூற்றுக்கு 11. ஒரேயடியாக ஏறினால் இடி விழுந்திருக்கலாம், அல்லது அன்ரெனாவின் ஒரு துண்டு கழன்றிருக்கலாம். மழைக்குப் பின் ஏறி, இரண்டு நாள் வெயிலில் இறங்கி, அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் கூட ஏறினால் ஏதோ ஓர் இணைப்புக்குள் தண்ணீர் போகிறது. அந்தக் கொப்பியில் பத்து நாள் எண்களைப் பார்த்தால், டவரில் ஏறுமுன்பே எதைத் தேடுவதென்று தெரிந்துவிடும்.

இணைப்பைச் சுற்றும்போது முதலில் தன்னோடு தானே ஒட்டும் றப்பர் டேப், அதற்கு மேல் சாதாரண டேப். கீழிருந்து மேலே சுற்றினால்தான் ஒவ்வொரு சுற்றும் கூரை ஓடு போலக் கீழ்ச் சுற்றை மூடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அதிலிருந்து சொட்டிவிடும். காற்று அடைத்த கேபிள் என்றால் அந்தக் காற்றை உலர்த்தும் கருவியின் நிற மணிகளைப் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரக் காற்றைத்தான் கேபிளுக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாடைக் காலத்தில் உப்பும், கச்சான் காலத்தில் புழுதியும் வரும். குளிரூட்டியின் வலையும் டிரான்ஸ்மிற்றரின் காற்று வடிகட்டியும் கச்சான் அடிக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவப்பட வேண்டும். கொழும்பில் எழுதிய பராமரிப்பு அட்டவணை இங்கே செல்லாது.

நிலத்தொடுப்பை (எர்த்) மாரியில் அளந்தால் நல்ல எண்தான் வரும், நிலம் நனைந்து கிடக்கிறதே! ஆகஸ்டில் அளங்கள். எங்கள் கரையோர மணல் காய்ந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே நிலத்தடி நீரைத் தொடும்வரை கம்பியை இறக்க வேண்டும். டவருக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக விட்டால், இடி விழும் நேரம் அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தம் கருவிகளுக்குள்ளால்தான் போகும். மூன்றையும் ஒன்றாகக் கட்டுங்கள். செம்பை நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பில் நேரடியாக முறுக்கினால் உப்புக் காற்றில் விரைவில் அரித்துவிடும், அதற்கென உள்ள கிளாம்ப் வேண்டும். ஏப்ரலில் பின்னேர இடி தொடங்குமுன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் போனதும் ஜெனரேற்றர் ஓடாததற்குப் பெரும்பாலும் அதன் பற்றரிதான் காரணம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், சுமையோடு ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் இயந்திரத்தில் கரிதான் படியும். மின்சாரம் திரும்பியதும் டிரான்ஸ்மிற்றரை உடனே போடாமல் 3 நிமிடம் தாமதிக்கும் டைமர் போடுங்கள். முதல் நொடிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் டிரான்ஸ்மிற்றருக்குள் இருக்கும் மொடியூல்கள் எரிகின்றன. நடுத்தரச் சுமையில் 10 கேவிஏ ஜெனரேற்றர் மணிக்குச் சுமார் 2 லீற்றர் டீசல் குடிக்கும். 72 மணி நேரத்துக்கு 150 லீற்றர் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கரை இது.

உதிரிப்பாகம் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறோம். உதிரி இல்லாதபோது ஒரு டிரான்ஸ்மிற்றரின் மொடியூலைக் கழற்றி மற்றதில் போடுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். இந்தக் கரையில் அப்படிக் கழற்றப்படுவது தமிழ் அலைவரிசையினுடையதாக இருக்கக் கூடாது. இங்கே அதுதான் முதன்மை அலைவரிசை.

டிஜிட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் இலங்கையின் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி-டி முறை தெரிவானது. அதில் எங்களுக்குப் பெறுமதியானது படத்தின் கூர்மை அல்ல, அவசர எச்சரிக்கை வசதிதான். அதற்கென அமைந்த பெட்டி, ரிமோட்டால் அணைத்து வைத்திருந்தாலும் சமிக்ஞை வந்ததும் தானாக விழிக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குப் பிறகே கடல் கல்லடிக்கும் கல்முனைக்கும் மருதமுனைக்கும் வந்தது. ஆனால் பெட்டிக்கு மின்சாரமும் ரிலேக்கு உள்ளீடும் இல்லாவிட்டால் விழிக்க ஒன்றும் இருக்காது. அனலொக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், குரலாவது கேட்கும். டிஜிட்டலில் எல்லையைத் தாண்டிய கணமே இரண்டும் நின்றுவிடும். எச்சரிக்கை வசதி இல்லாத பெட்டிகள் கடைகளில் நிறையுமுன் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று தமிழில் அறிவியுங்கள். அலைவரிசை எண், அன்ரெனா நோக்க வேண்டிய திசை, அதைக் கிடையாகக் கட்டுவதா செங்குத்தாகக் கட்டுவதா என்பதும் அதே அறிவித்தலில் வரட்டும். டவருக்குக் கிட்ட உள்ள வீடுகளில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டரைக் கழற்றச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் காசு கொடுத்து வாங்கியதைக் கழற்றுவதா என்று கேட்கிறார்கள்.

வாழைச்சேனை, ஏறாவூர், கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிக்குடி, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் ஆகிய இடங்களில் 10 மீற்றர் உயரத்தில் சிக்னலை அளந்து தர எங்களிடம் ஆளும் சிக்னல் மீற்றரும் உண்டு. ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை அளக்கலாம். எந்தப் படிவத்தில் வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அன்ரெனா, தொலைக்காட்சித் தொழிலாளர்கள்