கறள் பிடிச்ச கத்தியைக் கொண்டுவர முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். மாரி துடங்கினாலே எங்கட கடைக்குத் தீட்ட வாற கத்தியள் கனக்க கறளோடதான் வருது, பாசையூர், குருநகர்ப் பக்கத்து மீன் கத்தியளெண்டா கேக்கவே வேண்டாம், உப்புத்தண்ணியும் கடல்காத்தும் பட்ட இரும்பு வேற என்ன செய்யும்.

வந்த உடன "அண்ணை, கிரைண்டரில ஒருக்காப் பிடிச்சு விடுங்கோ" எண்டு கேக்கினம். நாங்கள் ஏன் மாட்டமெண்டுறம் எண்டா, மெஷினில பிடிக்கேக்க அலகு சூடாகும், 300 பாகைக்குக் கிட்டப் போனா வாய் நீலம் பாய்ஞ்சிடும், நீலம் பாய்ஞ்ச இடத்தில பதம், அதாவது இரும்பின்ர இறுக்கம், போயிட்டுது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

மேலால பிடிச்ச கறளுக்கு வினாகிரியே காணும். உயரமான கிளாசில விட்டு அலகை மட்டும் தாழ விடுங்கோ, மரப்பிடி நனையக்கூடாது. ஒரு மணித்தியாலத்தில எடுத்துத் தும்பால தேயுங்கோ, மண்ணிறமா வழிஞ்சு வரும். இன்னும் இருந்தா திரும்ப வையுங்கோ, ஆனா இராமுழுக்க விடாதேங்கோ, கறளைத் திண்டு முடிய நல்ல இரும்பையும் திண்டுடும். பிறகு அப்பச்சோடாத் தண்ணியில கழுவி உடன துடைச்சுக் காயவிட்டு எண்ணெய் பூசவேணும், இந்த அவசரம் முக்கியம், ஈரத்தோட வைச்சா கொஞ்ச நேரத்திலயே திரும்பவும் செம்மஞ்சளாப் பூத்திடும்.

இன்னொண்டு. மாங்காய், தேசிக்காய், வாழைப்பூ வெட்டுற பழைய இரும்புக் கத்தியில சாம்பல் கறுப்பா ஒரு படை இருக்கும், விரலால உரசினா ஒட்டாது. அது கறளில்லை, அதை உரஞ்சி எடுத்து வெள்ளையாக்கிக் கொண்டு வந்து காட்டுற ஆக்களைப் பாத்தா எங்களுக்கு அழுகைதான் வரும், அந்தப் படை இருந்தா கறள் லேசில பிடிக்காது. விரலில மண்ணிறம் ஒட்டினா அதுதான் கறள்.

ஸ்டெயின்லெஸ் எண்டாலும் தப்பாது. குறைஞ்சது 10.5 வீதம் குரோமியம் இருக்கிறதாலதான் அது தாக்குப்பிடிக்குது, தீவுப்பக்கம் மாதிரிக் கிணத்துத் தண்ணி உவரான இடங்களில கழுவிப்போட்டு ஈரத்தோட லாச்சிக்க போட்டா புள்ளி புள்ளியா வரும். குழி விழுந்திட்டா வினாகிரி சரிவராது, குழி வாய் வரைக்கும் வந்தா மட்டும் எங்களிட்டக் கொண்டாங்கோ, தண்ணி விட்டுக் கல்லில கையாலதான் எடுப்பம், நேரம் பிடிக்கும்.

கனநாள் பாவிக்காம வைக்கிறதெண்டா தேங்காயெண்ணெய் வேண்டாம், காறிப் பிசுபிசுக்கும், தையல் மெஷின் எண்ணெய் பூசிப்போட்டு எடுக்கேக்க சோப் போட்டு நல்லாக் கழுவுங்கோ. கொண்டு வாறாக்கள் தயவுசெய்து பேப்பரில சுத்திக் கொண்டாங்கோ, சொப்பிங் பாக்கோட கவுன்டரில கொட்டினா பெடியனுக்குத்தான் கை வெட்டுது.