ஐயோவாவிலிருந்து அம்மாவுக்கு

டிமோயின்,
ஜனவரி 25

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். போனில் உனக்குக் காது சரியாகக் கேட்காது என்று தெரிந்தும் போனிலேயே நாளைக் கடத்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மரச்சீனிக்கிழங்கு மெழுகு பூசி வருகிறது, சாளை டப்பாவில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கிழங்கை அவித்து, காய்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் கூடிவிட்டது.

குளிர் மைனஸ் 20 வரை போனது. நான் இருப்பது பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய அறை. நல்ல பெரிய அறை, எனக்குச் சௌகரியம்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார், எண்பது தாண்டியவர், முன்பு மக்காச்சோளம் பயிரிட்டவர். ஜனவரி பிறந்தால் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கரித்தூள் அடைத்த ஒரு சின்ன டப்பாவைக் கொடுப்பார். மூன்று நாள் அறையில் வைத்துவிட்டு ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். எதற்கு என்று கேட்டேன். ரேடான் என்றார்.

மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதையும்போது வருகிற வாயு அது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏற ஏற, அடித்தளத்து விரிசல் வழியாக மண்ணுக்குள் இருப்பதை வீடு உறிஞ்சிக்கொள்ளும். மூச்சோடு உள்ளே போனதும் அதிலிருந்து பிறக்கும் கதிர்த்துகள்கள் நுரையீரலைத் தாக்கும். ஐயோவா மாநிலம் முழுக்கவே இது அதிகமாம். அமெரிக்கா முழுக்க வருஷத்துக்குச் சுமார் 21,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோயில் சாகிறார்கள் என்று அரசே கணக்குச் சொல்கிறது.

பென்சில்வேனியாவில் 1984-இல் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே அபாய மணி அடித்ததாம். நிலையத்திலிருந்து கதிர்வீச்சு ஒட்டியிருக்கும் என்று நினைத்தார்கள், கடைசியில் அவர் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. வாசலில் நின்றபடியே தாத்தா இதைச் சொன்னார். அப்புறம் மெதுவாக, தன் மனைவி ஒருநாளும் புகைத்தவளில்லை, நுரையீரல் புற்றுநோயில்தான் போனாள் என்றார். அதற்குப் பிறகுதான் தன் வீட்டை அளந்து பார்த்தாராம்.

என் அறையில் 11 வந்தது, ஒரு லிட்டர் காற்றுக்குப் பிக்கோகியூரி என்ற கதிர்வீச்சு அளவில். 4 இருந்தாலே சரிசெய்யச் சொல்கிறார்கள். தரையைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, விசிறி வைத்து, மண்ணுக்குள் இருப்பதைக் கூரைக்கு மேல் தள்ளிவிட்டால் போதும். வீட்டுக்காரரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். நீ பயப்படாதே, இது பல வருஷம் மூச்சில் போனால்தான் கேடு. மேலே ஒரு அறை மார்ச்சில் காலியாகிறது, மாறிவிடுவேன். வாடகை கொஞ்சம்தான் கூடுதல்.

அப்பாவிடம் ஒன்றைக் கட்டாயம் சொல். வாழ்நாள் முழுக்க அந்த 4 அளவில் இருந்தால், புகைக்காதவர்கள் ஆயிரம் பேரில் 7 பேருக்கு நோய் வரலாம், புகைப்பவர்களில் 62 பேருக்கு. இந்தக் கணக்கைப் படித்ததிலிருந்து அப்பாவின் பீடிக்கட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது. இருமலுக்குக் கஷாயம் போதாது, அண்ணனை விட்டு நாகர்கோவிலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன்காரர் அங்கே மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டதிலிருந்து ஊரறிந்த மணல்தானே. அதில் இருப்பது தோரியம், யுரேனியம் போலவே சிதையும் ஒரு கதிரியக்கப் பொருள். அதிலிருந்து வரும் வாயுவான தோரான் ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகிவிடும். ரேடான் பாதியாக நாலு நாள் பிடிக்கும், அதனால்தான் அது வீட்டுக்குள் ஊர்ந்து வர நேரம் கிடைக்கிறது. கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளியை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தும் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. நம் வீட்டு ஜன்னல்களும் எப்போதும் திறந்தே கிடக்கும். விடியுமுன் மீன்காரி கூப்பிடுவதும், நீ முற்றம் பெருக்கும் சத்தமும் படுக்கைக்கே வரும். இங்கே நவம்பரில் அடைத்த ஜன்னலை நான் நேற்றுவரை திறக்கவில்லை. நேற்று ஒரு நிமிஷம் திறந்து பார்த்தேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை, பனிதான் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் புது வீட்டுக்குத் தரை நிரப்பக் கடல்மண் அடிக்கப்போகிறான் என்று எழுதியிருந்தாய். கேடு காணவில்லை என்றாலும், வீட்டுக்கு அடியிலேயே அந்த மணல் வேண்டாம் அம்மா. செம்மண் அடிக்கச் சொல், செலவு கூடினாலும் பரவாயில்லை. மயினி பேறு கழிந்து வந்து படுக்கும் அறையில் ஏசி வைத்தாலும், தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்.

மேலவிளை பாகப்பத்திரத்துக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் சிகாகோவில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் முடியாது, பதிவை மார்ச் கடைசிக்கு வைக்கச் சொல். கிணற்றடித் தென்னைகள் அக்காவுக்கு என்று அப்பா முன்பே வாக்குக் கொடுத்தது, அதில் நானும் அண்ணனும் பங்கு கேட்கக் கூடாது. அண்ணன் முகம் சுளித்தால் நான் சொன்னதாகவே சொல்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாகும். வேறொன்றும் இல்லை, வங்கியில் ஒரு சின்ன வேலை. சீட்டுக்காரரிடம் 10-ஆம் தேதி தருவதாகச் சொல். எக்ஸ்ரேவைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குத் தனியாக அனுப்புகிறேன். முடிவு வந்ததும் அண்ணனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

உன் அன்பு மகன்